மற்ற இரண்டு கொட்டேஷன்கள்

ஜூன் 3, செவ்வாய்

வேலையை விட்டு மூணு மாசம் ஆகப் போகுது. இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு ஆள் தானா என்னைத் தேடிக் கூப்பிட்டார். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அறக்கட்டளை, பொம்பளைப் பிள்ளைங்களுக்கு விடுதி நடத்தறாங்க. செயலாளர் பேரு திருமூர்த்தி. ஐந்நூறு பிள்ளைங்களுக்குச் சமைக்கிற சமையல்கட்டைப் புதுசாக் கட்டப் போறாங்களாம். திருச்செங்கோட்டுல நான் வரைஞ்சு குடுத்த ஒரு விடுதிச் சமையல்கட்டைப் பாத்துட்டு, அங்கே வார்டனைக் கேட்டு என் நம்பரை வாங்கியிருக்கார். "அதே மாதிரி எங்களுக்கும் பண்ணிக் குடுங்க அம்மிணி. ரேட்டு நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க" என்றார்.

நானே பாத்துப் போடணுமாம். என்னத்தைப் பாக்கிறது? பதினாலு வருஷம், பெரிய அடுப்பும் இட்லி ஸ்டீமரும் விக்கிற கம்பெனியில லேஅவுட் வரைஞ்சேன். அடுப்புக்கு ரேட் உண்டு. ஸ்டீமருக்கு உண்டு. புகைபோக்கிக்கு அடிக்கணக்குல உண்டு. எந்த அடுப்பு எங்கே நிக்கணும், தண்ணி எந்தப் பக்கம் ஓடணும், சோத்துக் குண்டான் எந்த வழியாப் போகணும்னு வரையற படத்துக்கு மட்டும் ரேட் கிடையாது. சாமான் வாங்கினா அது இலவசம். இப்போ என்கிட்ட சாமான் இல்லை, படம் மட்டும்தான் இருக்கு. அதுக்கு என்ன விலைனு யாரைக் கேக்கிறது?

சாயந்திரம் பழைய மேனேஜர் மோகன்ராம் சார் கூப்பிட்டார். என் இடத்துல போட்ட ஆள் சரியில்லையாம். அதே சம்பளத்துக்குத் திரும்பி வரலாமாம், மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம், இல்லாட்டி வேற ஆளாம். யோசிச்சுச் சொல்றேன்னு வச்சுட்டேன். வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவர் பம்ப் கம்பெனி ஸ்டோர்ஸ்ல இருக்கார், வீட்டு லோன் ரெண்டு சம்பளத்தை நம்பி வாங்கினது. கேட்டதும் முகம் அப்படியே மலர்ந்துச்சு. அந்த மலர்ச்சிதான் எனக்கு எரிச்சலா இருந்துச்சு.

பொள்ளாச்சி வேலை கைகூடினா நான் திரும்பிப் போக வேண்டியதில்லை. கூடலைன்னா போய்த்தான் ஆகணும். அவ்வளவுதான் விஷயம். எனக்குப் பயமெல்லாம் ஒண்ணுமில்லை.

ஜூன் 5, வியாழன்

உக்கடத்துல பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்தேன். விடுதி தென்னந்தோப்பை ஒட்டி இருக்கு. இடம் என்னமோ அழகு, சமையல்கட்டு கொடுமை. பாத்திரம் கழுவற தொட்டி அரிசி மூட்டை அடுக்கற ரூம் வாசல்லயே. தண்ணி வாட்டம் அடுப்பைப் பாத்து ஓடுது. சோறு வாங்கப் போற பிள்ளையும் எச்சத் தட்டோட வர்ற பிள்ளையும் ஒரே கதவுல மோதிக்கறாங்க. சமைக்கிற அக்காங்க மூணு பேரும் புகைக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, வெளியே வந்தாலும் அதே முகத்தோடதான் நிக்கறாங்க.

பாத்ததும் எனக்கு வாய் நிக்கலை. கதவை அந்தப் பக்கம் உடைச்சு விடுங்க, கழுவற இடத்தைக் கிழக்கே கொண்டு போங்க, ரெண்டாவது தோசைக்கல் எதுக்கு, அந்தக் காசுல புகைபோக்கியைப் பெருசாப் போடுங்கனு கடகடன்னு சொல்லிக்கிட்டே போறேன். திருமூர்த்தி ஐயா கையில இருந்த கல்யாணப் பத்திரிகை உறைக்குப் பின்னால அத்தனையும் எழுதிக்கிட்டார். "நல்ல ரோசனை, நல்ல ரோசனை" என்றார். எனக்கும் பெருமையா இருந்துச்சு.

வரும்போது பை நிறையத் தேங்காய் போட்டுக் குடுத்தார். பஸ்ஸுல உக்காந்தப்புறம்தான் உறைச்சது. சொல்ல வேண்டியதுல பாதியை அங்கேயே சொல்லிட்டு வந்துட்டேன். இனி எதுக்கு ரேட் போடறது, மிச்சப் பாதிக்கா? தேங்காய்க்கு ரோசனை வித்தவள் கோயமுத்தூர் ஜில்லாவுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

தேங்காய் நல்ல காய். ரெண்டு உடைச்சுச் சட்னி அரைச்சேன்.

ஜூன் 7, சனி

மூணு பேர்கிட்டக் கேட்டேன். மூணு பேரும் மூணு வழி சொல்றாங்க. மண்டை காயுது.

வீட்டுக்காரர் சதுர அடிக்கு இவ்வளவுனு போடச் சொல்றார். எங்க வீட்டுக்குப் பிளான் போட்டவர் அப்படித்தான் வாங்கினாராம். சரி, ஆனா சமையல்கட்டு சின்னதா இருந்தாத்தானே எனக்கு வேலை ஜாஸ்தி? பெரிய ஹாலைக் குடுத்தா யார் வேணாலும் வரையலாம். இடுக்குல வரையறதுக்குத்தான் என்னைக் கூப்பிடறாங்க. அதுக்குக் குறைச்சு வாங்கணுமா?

ரெஜினா சதவீதம் போடச் சொல்றா. அவளும் நானும் ஒரே கம்பெனியில ஒட்டுக்கா வேலை பாத்தவங்க. அவள் முன்னாடியே வெளியே போய், போத்தனூர்ல வீட்டுக்கு இன்டீரியர் பண்ணிக் குடுக்கிற கம்பெனி வச்சிருக்கா. சாமான் பதினெட்டு லட்சத்துக்கு வாங்கறாங்கன்னா அஞ்சு சதவீதம் உனக்கு, கூச்சப்படாதே என்றாள். கேக்க இனிப்பாத்தான் இருக்கு. ஆனா ரெண்டாவது தோசைக்கல் வேண்டாம்னு முந்தாநாள் நானே சொல்லிட்டு வந்தேனே, அப்போ என் காசை நானே வெட்டிக்கிட்டேனா? சதவீதம் வாங்கறவளா இருந்தா, ஒரு கிரைண்டர் போதும்கிற இடத்துல ஒண்ணுனு என் வாய் சொல்லுமா, ரெண்டுனு சொல்லுமா? என்னையே எனக்கு நம்ப முடியலை.

முத்துவேலப்பன் அண்ணன் கணபதி ஏரியாவுல ஸ்டீல் மேடை அடிக்கிறவர், கம்பெனிக் காலத்துப் பழக்கம். நாள் கூலி போட்டுரும்மா, வம்பே இல்லை என்றார். நான் நாலு நாள்ல வரைஞ்சுருவேன். புதுசா படிச்சுட்டு வந்த பையன் ஒரு மாசம் எடுப்பான். நாள் கூலின்னா அவனுக்குத்தான் காசு ஜாஸ்தி. வேலை தெரிஞ்சதுக்கு அபராதமா? என்ன கெரகமோ.

பிளவுஸ் வாங்கத் தையல்கார அக்காகிட்டப் போனேன். கூலி எவ்வளவு அக்கானு கேட்டேன். மெஷின்ல இருந்து தலையைக்கூட நிமிர்த்தலை, தொகையைச் சொன்னாங்க. குடுத்துட்டு வந்தேன். குறைச்சுக் கேக்கணும்னே தோணலை. அவங்களால எப்படி அப்படிச் சொல்ல முடியுதுனு வழி முழுக்க யோசனை.

ஜூன் 8, ஞாயிறு

இட்லிக்கு ஆட்டினேன், திரை துவைச்சேன். இன்னிக்கு ரேட்டைப் பத்தி யோசிக்கவே இல்லை. கொஞ்சம் யோசிச்சேன்.

ஜூன் 10, செவ்வாய்

திருமூர்த்தி ஐயா போன் பண்ணினார். கொட்டேஷன் என்னாச்சுங்க அம்மிணினு ஆரம்பிச்சு, அப்புறம் குரலைத் தணிச்சுக்கிட்டு ஒரு சின்ன விஷயம் என்றார். அறக்கட்டளை விதிப்படி எந்த வேலைக்கும் மூணு கொட்டேஷன் வேணுமாம். கமிட்டி மூணையும் பாத்து ஒண்ணை எடுக்குமாம். "மத்த ரெண்டையும் நீங்களே ஏற்பாடு பண்ணிக் குடுத்துருங்க. வேலை உங்களுக்குத்தான், அதுல மாத்தமில்லை."

இது எனக்குப் புதுசில்லை. கம்பெனியிலயும் இதேதான். வேற நாலஞ்சு கம்பெனியோட லெட்டர்பேடு எங்க மேஜை டிராயர்லயே கிடக்கும். எங்க ரேட்டை விட ஏத்தி ரெண்டு தாள் அடிச்சுச் சேர்த்து அனுப்புவோம். அவங்களும் எங்க லெட்டர்பேடை வச்சு அதையே பண்ணுவாங்க. யாரும் இதைத் தப்புனு நினைச்சதில்லை, பேசினதுகூட இல்லை. நானும் சரிங்கய்யானுட்டேன்.

எனக்கு ஒரு ரேட் போடவே ஒரு வாரமா முழிக்கறேன். இனி மூணு போடணும்.

ஜூன் 11, புதன்

ரெஜினாகிட்டக் கேட்டேன். சிரிச்சா. நீயே என்ன வேணுமோ அடிச்சுக்கோ, நான் கையெழுத்துப் போட்டு சீல் குத்தித் தர்றேன்னா. முத்துவேலப்பன் அண்ணனும் சரினுட்டார். அவர் தன் கையாலயே ஒரு வரி எழுதி மேல ஒரு தொகையைப் போட்டுக் குடுத்துட்டார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். எதுக்குனு ஒரு விவரமும் கிடையாது. அதுவும் நல்லதுதான், அதை யாரும் எடுக்கப் போறதில்லை.

கேஸ் தீர்ந்துபோச்சு. புக் பண்ணணும்.

ஜூன் 13, வெள்ளி

என் கொட்டேஷன் முடிஞ்சது. முதல்ல அறுபதாயிரம்னு போட்டேன். அப்புறம், அறக்கட்டளைதானே, பிள்ளைங்க விடுதிதானேனு அம்பது ஆக்கினேன். வீட்டுக்காரர் எட்டிப் பாத்துட்டு, படம் வரையறதுக்கு அம்பதானு கேட்டார். கேட்டதோட சரி, நியூஸ் பாக்கப் போயிட்டார். நான் நாப்பது ஆக்கினேன். காலையில பிரின்ட் எடுக்கும்போது முப்பத்தஞ்சு. அப்படியும் மனசு ஆறாம, 'தங்களுக்குத் திருப்தி ஆகும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றித் தரப்படும், எப்போது அழைத்தாலும் நேரில் வரப்படும்'னு கீழே ஒரு வரி சேர்த்தேன். அதையும் படிச்சுட்டு, ரேட் பேசித் தீர்மானிச்சுக்கலாம்னு இன்னொரு வரி. ஒரு பக்கத் தாளுக்கு மூணு நாள். பயந்துக்கிட்டுப் போட்டதில்லை இது, யதார்த்தமாப் போட்டது.

அப்புறம் ரெஜினா லெட்டர்பேடுல உக்காந்தேன். என்னுதை விட ஏத்திக் காட்டணும், அதனால தொண்ணூறாயிரம். சும்மா தொண்ணூறுன்னா கமிட்டிக்குச் சந்தேகம் வரும். என்னென்னத்துக்குனு பிரிச்சுக் காட்டினாத்தான் நிசமா இருக்கும். நேரில் வந்து பாத்து, சமைக்கிறவங்ககிட்டப் பேசி, அறிக்கை குடுக்க இவ்வளவு. படம் வரைய இவ்வளவு. வரைஞ்சதை ரெண்டு தடவை மாத்தலாம், மூணாவது தடவைக்குத் தனிக்காசு. கட்டும்போது நாலு தடவை வந்து பாக்க இவ்வளவு. ஆரம்பிக்கப் பாதி முன்பணம். கேஸ் பைப் வேலை, கட்டட வேலை, லைசென்ஸ் வாங்கறது இதுல சேராது. சாமான் யார்கிட்ட வாங்கினாலும் கமிஷன் வாங்க மாட்டோம்.

கை தானா ஓடுச்சு. அடுப்புல பருப்பு வேகறதுக்குள்ள முடிச்சுட்டேன். குழப்பமே வரலை. எனக்கே ஆச்சரியமா இருக்கு. பொய் எழுதறது சுலபம்போல.

ஜூன் 14, சனி

மூணையும் ஒரே கவர்ல வைக்காம மூணு கவர்ல வச்சுப் பொள்ளாச்சிக்கு அனுப்பியாச்சு. திருமூர்த்தி ஐயா இருபத்தொண்ணாம் தேதி கமிட்டி என்றார்.

ஜூன் 18, புதன்

நாத்தனார் வந்திருந்தாங்க. வேலைக்குத் திரும்பப் போறியாமேனு கேட்டாங்க. யாரு சொன்னதுன்னேன். இவர் சோத்துல ரசத்தை ஊத்திப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார், தலையை நிமிர்த்தலை. எல்லாரும் ஊருக்கே சொல்லி முடிச்சாச்சு, எனக்குத்தான் தெரியலை.

மோகன்ராம் சார் மறுபடியும் போன். எடுக்கலை.

ஜூன் 21, சனி

என்ன எழுதறதுனு தெரியலை.

கமிட்டி முடிஞ்சதும் திருமூர்த்தி ஐயா கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. ஒரு தப்பு நடந்துபோச்சுங்க அம்மிணி என்றார். கமிட்டி ரெஜினாவோட கொட்டேஷனை எடுத்துருச்சு.

குறைஞ்ச ரேட்டைத்தானே எடுப்பாங்கனு கேட்டேன். அப்படித்தான் எப்பவும் நடக்குமாம். ஆனா தலைவரம்மா நாகரத்தினம் ரிடையரான பேங்க் அதிகாரி. மூணையும் வரி வரியாப் படிச்சிருக்காங்க. முப்பத்தஞ்சாயிரம் போட்டவங்க எல்லாத்தையும் பண்றேங்கறாங்க, என்ன பண்ணுவாங்கனு சொல்லலை. தொண்ணூறு போட்டவங்க என்ன பண்ணுவாங்க, என்ன பண்ண மாட்டாங்கனு சொல்லியிருக்காங்க, வேலை தெரிஞ்ச ஆள் இவங்கதான்னு சொல்லிக் கையெழுத்தும் போட்டுட்டாங்களாம். அவங்ககிட்ட ரெண்டும் ஒரே ஆள் எழுதினதுதான்னு திருமூர்த்தி ஐயா எப்படிச் சொல்லுவார்? சொன்னா அவர் பதவி போகும்.

"நீங்களே அந்த மேடத்துகிட்டப் பேசி முடிச்சுக்கங்க. வேலையை நீங்க பாருங்க, பேரு அவங்க பேரா இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

எழுதினது நான். தோத்ததும் நான். ஜெயிச்சதும் நான்தானா? திரும்பத் திரும்ப யோசிச்சுப் பாக்கறேன், புரியலை.

ஜூன் 22, ஞாயிறு

ரெஜினாகிட்டச் சொன்னதும் முதல்ல வயிறு வலிக்கச் சிரிச்சா. சித்த நேரம் கழிச்சு அவளே போன் பண்ணினா. யோசிச்சுப் பாத்தேன் வாணி, நான் எடுத்துக்கறேன், நீ வரைஞ்சு குடு, பாதிக்குப் பாதினா. நல்ல மனசோடதான் சொன்னா, அதுல குத்தம் சொல்ல முடியாது. அவள் பேரு, அவள் சீல், வரியும் அவள் கட்டணும்.

பாதின்னா நாப்பத்தஞ்சாயிரம். நான் என் பேருல கேட்டது முப்பத்தஞ்சு. என் பேருல வேலை கிடைச்சிருந்தா வந்திருக்கறதை விட, அவள் பேருல பாதி வாங்கினா எனக்குப் பத்தாயிரம் ஜாஸ்தி. கணக்கு சரியாத்தான் இருக்கு. அப்படியிருந்தும் முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை. நாளைக்குச் சொல்றேன்னு வச்சேன்.

ஜூன் 24, செவ்வாய்

ரெண்டு கொட்டேஷனோட நகலையும் சாப்பாட்டு மேஜையில வச்சிருந்தேன். இவர் ஆபீஸ்ல இருந்து வந்து, காபி குடிச்சுக்கிட்டே ரெண்டையும் படிச்சார். ரெஜினாவுக்கு வேலை நல்லாத் தெரியும்போல இருக்கே என்றார். நான் கமிட்டியில இருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன்னு வேற.

அதை நான்தான் எழுதினேன்னு சொன்னேன். மனுஷன் திரும்ப ஒரு தடவை முதல்ல இருந்து படிச்சார். அப்புறம் என்னுதைப் படிச்சார். காபி ஆறிப்போச்சு. இது நீ எழுதினதாட்டத் தெரியலையேனார். எதுனு கேட்டேன். முப்பத்தஞ்சாயிரம்னு இருந்த தாளைத் தொட்டார்.

கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. அம்பதானு கேட்டது யாரு, நீங்கதானே, அந்த ஒரு வார்த்தையிலதானே குறைச்சேன்னு கத்தினேன். நான் சும்மாத்தான் கேட்டேன்னார். நிசமாவே சும்மாத்தான் கேட்டிருக்கார்போல. நாலு பேரு சும்மா கேட்டா நான் நாலு தடவை குறைப்பேன்போல.

வேலையை ஏன் விட்டேன்னு இங்கே எழுதினதே இல்லை. வீட்டுல முட்டி வலின்னேன், பஸ் அலைச்சல்னேன். நிசம் என்னன்னா, மார்ச் மாசம் ஒரு ஆஸ்பத்திரிக்காரர் ஷோரூமுக்கு வந்திருந்தார். கேன்டீன் லேஅவுட்டைப் பாத்துட்டு, ரொம்ப நல்லா இருக்கே, இதுக்குத் தனியா என்ன வாங்கறீங்கனு கேட்டார். மோகன்ராம் சார் சிரிச்சார். அதெல்லாம் கணக்குலயே வராதுங்க, அடுப்பு ரேட்டைப் பேசலாம்னார். நான் பக்கத்துலயே படத்தைச் சுருட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். மனுஷன் என்னைத் திட்டலை, அவமானப்படுத்தணும்னு சொல்லலை. இதுக்குப் போய் யாராவது வேலையை விடுவாங்களா? நான் விட்டேன். அழுகையா வந்துச்சு அன்னிக்கு.

அதே காரியத்தைப் பத்து நாளைக்கு முன்னாடி நானே எனக்குப் பண்ணியிருக்கேன். முப்பத்தஞ்சாயிரம்னு பிரின்ட் எடுத்து.

ஜூன் 25, புதன்

முன்பணம் குடுக்கறதுக்கு முன்னாடி கமிட்டி ரெஜினாவை நேர்ல பாக்கணுங்குதாம். வெள்ளிக்கிழமை. நீயும் வா, எனக்கு அடுப்பைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதுனு ரெஜினா சொன்னா. பாதிக்குப் பாதி பேச்சுக்கு இன்னும் பதில் சொல்லலை, இதுக்குச் சரினுட்டேன். எதுக்குச் சரினு சொன்னேன்னு தெரியலை.

ஜூன் 27, வெள்ளி

ரெஜினா கார்லயே போனோம். நல்ல பட்டுப்புடவை கட்டி, லேப்டாப் எல்லாம் எடுத்துக்கிட்டு வந்திருந்தா. நான் பருத்திப் புடவையில, படம் சுருட்டற குழாயைத் தூக்கிக்கிட்டு.

கமிட்டியில நாலு பேர். நடுவுல நாகரத்தினம்மா, ஓரத்துல திருமூர்த்தி ஐயா. அந்தம்மா ஒல்லியா, வெள்ளைப் புடவையில இருந்தாங்க. மூணு கொட்டேஷனும் ஃபைல்ல அவங்க முன்னாடி இருந்துச்சு. புகைபோக்கி எந்தப் பக்கம் வருது, பக்கத்துலயே பிள்ளைங்க படுக்கற ரூம் இருக்குதேனு கேட்டாங்க. வரையறப்போ பாத்துக்கலாங்க மேடம்னா ரெஜினா. ரெண்டு தடவைக்கு மேல மாத்தினா தனிக்காசுனு போட்டிருக்கீங்களே, அது எதுக்குனு கேட்டாங்க. ரெஜினா என்னைப் பாத்தா.

நான் சொன்னேன். மூணாவது தடவை மாத்தச் சொல்லும்போது சாக்கடை போட்டு டைல்ஸும் ஒட்டியிருப்பாங்க, அப்புறம் உடைச்சாத்தான் முடியும், தாள்ல இருக்கும்போதே எல்லாரும் உக்காந்து யோசிக்கணும்கறதுக்காகத்தான் அந்த வரின்னேன். புகைபோக்கியைத் தெற்கே தோப்புப் பக்கம் கொண்டு போகலாம், மேலே இவ்வளவு உயரம் ஏத்தினா ரூமுக்குப் புகை வராதுன்னேன். அந்தம்மா கேக்கக் கேக்க நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். ரெஜினா லேப்டாப்பைத் திறக்கவே இல்லை.

நீங்க யாருனு கேட்டாங்க. என்கூட வேலை பாக்கறவங்கனு ரெஜினா முந்திக்கிட்டா. பேரு என்னனு கேட்டாங்க. கோகிலவாணினு சொன்னேன்.

அந்தம்மா ஃபைலைப் புரட்டி அடுத்த தாளை எடுத்தாங்க. கோகிலவாணினு இங்கே இன்னொரு கொட்டேஷன் இருக்குதேன்னாங்க. திருமூர்த்தி ஐயா ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தார். அது வேற கோகிலவாணினு சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ரெண்டும் நான் எழுதினதுங்கம்மா. மூணாவதும் நான் கேட்டு வாங்கிட்டு வந்ததுதான்."

ரெஜினா என் கையைக் கிள்ளினா. அந்தம்மா திருமூர்த்தி ஐயாவைப் பாத்தாங்க. அவர் பேரை நான் சொல்லலை, அவரே சொல்லிட்டார்: நாந்தானுங்க கேட்டேன், எப்பவும் அப்படித்தானுங்களே வருதுனு. போர்வெல் போட்டதும், பெயின்ட் அடிச்சதும், எல்லாமே. மத்த ரெண்டு பேரும் தொண்டையைச் செருமிக்கிட்டாங்க. அந்த நாற்காலியில இத்தனை வருஷம் உக்காந்திருக்கற அந்தம்மாவுக்கும் அது புதுசா, தெரிஞ்சதானு எனக்கு இப்போ வரைக்கும் தெரியலை. மூணு தாளையும் எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டாங்க. மூணும் செல்லாதுன்னாங்க.

அப்புறம் பேனாவை மூடிட்டு என்னைப் பாத்தாங்க. "ஏம்மா, உங்க பேருல முப்பத்தஞ்சு. இவங்க பேருல தொண்ணூறு. எது நிசம்?"

"தொண்ணூறுதாங்க."

"அப்போ முப்பத்தஞ்சு?"

"அது பயத்துல போட்டதுங்கம்மா."

அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சோ, வந்துருச்சு. அதிகமா இருக்குதேம்மானு சொன்னாங்க. வழக்கமா இந்த இடத்துலதான், பாத்துப் பண்ணிக்கலாங்கனு நான் இழுப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கும் அதிகமாத்தான் பட்டுச்சு. ஆனா அந்த வேலைக்கு அதுதான் ரேட்டு, நாலு நாள் இல்லை, பதினாலு வருஷம் அதுக்குள்ள இருக்கு. அதையும் சொல்லலை. சரி, போயிட்டு வாங்கனு அனுப்பிட்டாங்க.

கிணத்துக்கடவு தாண்டற வரைக்கும் ரெஜினா காரை விரட்டிக்கிட்டே வந்தா. அப்புறம், என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டியேடினா. நிசம்தான். சீல் குத்தினது அவள், பொள்ளாச்சியில கெட்டது அவள் பேரும்தான். முதல்லயே உன்கிட்டச் சொல்லியிருக்கணும், மன்னிச்சுக்கோன்னேன். உக்கடத்துல இறக்கி விட்டுட்டுப் போயிட்டா.

ஜூன் 28, சனி

ரெஜினா போனை எடுக்கலை. துணி மடிச்சேன். வேற ஒண்ணுமில்லை.

ஜூன் 30, திங்கள்

காலையில திருமூர்த்தி ஐயா கூப்பிட்டார். அம்மிணினு கூப்பிடலை, மேடம்னார். இந்தத் தடவை கமிட்டியே பேப்பர்ல விளம்பரம் குடுத்து மூடின கவர்ல கொட்டேஷன் கேக்குதாம். பத்தாம் தேதி கடைசி. நீங்களும் போடலாம்னு தலைவரம்மா சொல்லச் சொன்னாங்க, போட்டா கிடைக்கும்னு அர்த்தமில்லைன்னார். எனக்குக் கோபம் வரலை. அவர் பாடும் திண்டாட்டம்தான்.

மத்தியானம் மோகன்ராம் சாருக்கு நானே போன் பண்ணினேன். வரலைங்க சார்ன்னேன். யோசிச்சுத்தான் சொல்றியானு கேட்டார். ஆமாங்க சார், உங்களுக்கு லேஅவுட் வேணும்னா சொல்லுங்க, கொட்டேஷன் அனுப்பறேன்னேன். எங்களுக்கே கொட்டேஷனானு சிரிச்சார். நான் சிரிக்கலை. அவரும் நிறுத்திட்டார்.

சம்பளம் போச்சு, பொள்ளாச்சி வேலை கையில இல்லை, ரெஜினாவும் பேசறதில்லை. வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். ஆகஸ்ட் வரைக்கும் லோனுக்கு என் சம்பளத்துல சமாளிச்சுருவேன், அதுக்கப்புறம் தெரியலைன்னார். சந்தோஷமாச் சொல்லலை. ஆனா சொன்னார்.

சாயந்திரம் என் பேருல புதுசா அடிச்சேன். பாத்துப் பேசற வேலைக்கு, வரையற வேலைக்கு, வந்து பாக்கற வேலைக்குனு தனித்தனியா. ரெண்டு தடவை மாத்தலாம். பாதி முன்பணம். தொண்ணூறாயிரம். 'இதில் சேராதவை'னு போட்டு, கேஸ் பைப், கட்டட வேலை, லைசென்ஸ்னு எழுதிட்டு, கீழே நாலாவதா ஒண்ணு சேர்த்தேன்: 'மற்ற கொட்டேஷன்கள் ஏற்பாடு செய்து தரப்பட மாட்டாது.'

கிடைக்குமா, கிடைக்காதானு தெரியலை. பயமாத்தான் இருக்கு, ரொம்பப் பயமா இருக்கு. தொண்ணூறை எண்பத்தஞ்சு ஆக்கினா என்னனு ஒரு தடவை தோணுச்சு. கவரை ஒட்டிட்டேன்.